இடப்பக்கம் திரும்பிப் படுங்க

1

இந்தக் கதை ஒரு திட்டில் ஆரம்பித்தது. திட்டியவள் நான். வாங்கிக் கட்டிக்கொண்டவர் ஒரு பஸ் டிரைவர். நான் கை காட்டியும் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நிறுத்தினார். மூச்சிரைக்க ஓடி ஏறி, "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று கத்தினேன். மனுஷன் சிரித்தார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

2

நான் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ அறையில் வேலை செய்கிறேன். வால்வு கசிகிறவர்கள், துடிப்பு தாளம் தப்புகிறவர்கள் எல்லாம் வருஷா வருஷம் வருவார்கள். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

இந்தப் பகுதியை முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'இருட்டில் ஒரு பூ மெல்ல மலர்ந்து...' (சீ, வால்வு பூவுமில்லை, காயுமில்லை. அடித்துவிட்டேன்.)

நடப்பது இதுதான். விளக்கை அணைத்துவிடுவோம். வந்தவர் எனக்கு முதுகு காட்டி, இடப்பக்கம் ஒருக்களித்துச் சுவரைப் பார்த்துப் படுப்பார். நான் திரையைப் பார்ப்பேன். சாம்பல் வெளிச்சத்தில் வால்வின் சின்ன இதழ்கள் திறக்கும், மூடும், திறக்கும். கொஞ்ச நேரத்தில் கட்டில், நாற்காலி, நான் எல்லாமே மிதக்கிற மாதிரி இருக்கும். முகம் யாருக்கு வேண்டும்? இதயத்தைக் காட்டினால் ஆளைச் சொல்லிவிடுவேன். தெருவில் பார்த்தால்தான் தெரியாது.

3

அந்த டிரைவர் பல வருஷமாக என்னிடம் வருகிறவர் என்பது அடுத்த பரிசோதனையில்தான் தெரிந்தது. சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஏம்மா, கண்ணு பிடரியிலதான் இருக்கு. இப்போ உங்களையேதான் பார்த்துட்டிருக்கு."

அவர் மார்பில் வைத்திருந்த கருவி கையிலிருந்து நழுவப் பார்த்தது. "ஐயோ அண்ணா, நீங்களா அது!"

"உங்க குரல் தெரியாதா எனக்கு? 'மூச்சை இழுங்க, அப்படியே நிறுத்துங்க'ன்னு வருஷா வருஷம் நிறுத்துறீங்க. நான் ஒரு நாள் தள்ளி நிறுத்துனதுக்கா அந்தத் திட்டு?"

சிரித்தோம். திரையும் சேர்ந்து குலுங்கியது.

(இங்கேயே முடித்திருக்கலாம். அப்படித்தான் ஆசைப்பட்டேன்.)

4

சிரிப்பு அடங்கியது. துடிப்பு அடங்கவில்லை. ஒன்று ஓடியது, அடுத்தது தயங்கியது. போன வருஷத்தைவிடக் கசிவும் நன்றாகவே கூடியிருந்தது. நான் கருவியை அதே இடத்தில் வைத்துக்கொண்டு...

"என்னம்மா, இந்த ஸ்டாப்புல ரொம்ப நேரம் நிக்கிறீங்க?"

பதில் எழுதிப் பார்த்தேன். 'டாக்டர் சொல்லுவாரு அண்ணா.' விதிப்படி சரி. 'எல்லாம் அப்படியேதான் இருக்கு.' (பொய். எழுதிய கைமேல் எனக்கே கோபம் வந்தது.) மூன்றாவதில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன், உடனே அவர்

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

5

விளக்கைப் போட்டேன். சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே அவர் என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் அந்த முகத்தை நிதானமாகப் பார்க்கிறேன். பயந்திருக்கிறார்.

"டாக்டரை நாளைக்குச் சாயங்காலம்தான் பார்க்க முடியுமாம். காலையில நான் வண்டி எடுக்கணும். எடுக்கட்டுமா, வேண்டாமா? உள்ளதைச் சொல்லும்மா. ஸ்டீயரிங்கை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

என் கதைதானே, அவரை ஓட்டவிடுவது எனக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் காலையில் நான் வேலைக்கு வருவது அந்த பஸ்ஸில்தான். உங்களுக்கும் ஜன்னலோரமாக ஒரு சீட் பிடித்து வைத்திருக்கிறேன். முதலில் ஏறி உட்காருங்கள். உட்கார்ந்துகொண்டு சொல்லுங்கள், அவருக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?