அப்பாவின் பக்கம்

மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் போய்விட்டது. அப்பாவை இன்னும் தோண்டி எடுக்கவில்லை. முகாம் போட்டிருந்த பள்ளிக்கூடத்தில், அருங்காட்சியகம் அச்சிட்ட கேட்டலொக் ஒன்றை ஷாமிலா டீச்சர் தேடித் தந்தார். அதில் அப்பா கொடுத்த தப்புப் பறையின் படமும், கீழே ஒரு கியூஆர் சதுரமும் இருந்தன.

"அதுல போனக் காட்டுனா ஒங்கப்பா பேசுவாருல்ல?" என்றாள் அம்மா.

சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி வரை ஏறினோம். ஒருவழியாக வீடியோ திறந்தது. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடும் பறையடி மட்டுமே கேட்டது. படம் பிடிக்க வந்த அருங்காட்சியகத்தாரிடம் அப்பா அன்று பொழுது சாயும்வரை பேசினார். லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருப்பதைக்கூடச் சொன்னார். அத்தனையையும் வெட்டி எறிந்திருக்கிறார்கள், பாவிகள்!

"இதுல ஒண்ணுமில்லம்மா, வாங்க."

அம்மா போனை விடவில்லை. அடி ஓய்ந்ததும், அவர்கள் வெட்ட மறந்த கடைசித் துண்டில், அப்பா கமராவைப் பார்த்துக் கேட்டார்: "போதுங்களா?"

அம்மா மறுபடி அழுத்தினாள். அதே அடி, அதே கேள்வி. சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா திரையைப் பார்த்துப் பதில் சொன்னாள்:

"போதாதுங்க."