கை கொடுக்காதவள்

"கட்டின புருஷன் எந்திரிக்க முடியாம கிடக்கிறான், நீ கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்குற. கொஞ்சமாவது—"

"தொடாதீங்க அண்ணி. கையப் பிடிச்சு இழுத்தா நெஞ்செலும்புக் கட்டு விட்டுரும்னு டாக்டர்—"

"டாக்டரோடவா குடும்பம் நடத்துற?"

அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் கட்டிலில் கிடந்த டெய்லர் கண்ணை மூடிக்கொண்டார். பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி மறுபடி ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டியிருக்கும். தலையணையை நெஞ்சோடு அணைத்து, காலை ஊன்றி, அவராகவே எழுந்து நடக்க வேண்டும். மனைவி கெஞ்சினாள், கொஞ்சினாள். நெஞ்சு பிளந்துவிடும் என்று அவர் அசையவே இல்லை. வெறுத்துப்போய் ஒருநாள், கிடந்தா கிடங்க, எனக்கென்ன வந்தது என்று எரிந்து விழுந்தாள். அன்றைக்குத்தான் எழுந்து அடுக்களை வரை வந்து அவளைத் திட்டிவிட்டுப் போனார்.

அதிலிருந்து அவள் கொஞ்சுவதை விட்டுவிட்டாள்.

அக்காவுக்கு இது தெரியாது. அரக்கியிடமிருந்து தம்பியை மீட்டு, தன் வீட்டில் ராஜா மாதிரி படுக்க வைத்துப் பார்த்துக்கொள்ள ஆட்டோவோடு வந்திருந்தாள். அவரும் சரி என்று தலையாட்டியிருந்தார். தூக்கிக்கொண்டு போக ஆட்டோக்காரரைக் கூப்பிடப்போவதாக அக்கா சொன்னாள்.

"தாராளமாத் தூக்கிட்டுப் போங்க," என்றாள் மனைவி. "ஊர்த்துணியெல்லாம் தச்ச மனுஷன், தன் நெஞ்சுல போட்ட தையலுக்குப் பயந்து நடுங்குறாரு. இவரவிட அந்த டாக்டர் நல்ல டெய்லருங்க, பிரியாது."

டெய்லரின் கண் திறந்தது.

அக்கா நீட்டிய கையைத் தட்டிவிட்டார். தலையணையை இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, காலை ஊன்றி எழுந்தார். கூடத்தில் மூடிக்கிடந்த தையல் மெஷினைத் தாண்டினார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு. அவள் அப்பன், ஆத்தா, அவள் வைக்கும் ரசம் எதுவும் தப்பவில்லை. வாசற்படியில் நின்று மூச்சு வாங்கினார். இனி இந்த வீட்டில் காலடி வைக்கமாட்டேன் என்றார்.

"என் வீட்டுக்குன்னதும் எப்படி எந்திரிச்சு வந்துட்டான் பாத்தியா?" என்றாள் அக்கா. "அங்க அவன் காலக் கீழ வைக்க வேண்டாம். முகஞ்சுளிச்சு ஒரு வார்த்தை பேசமாட்டோம்."

ஆட்டோ உறுமியது. மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"அங்க உங்களத் திட்டறதுக்கு யாருங்க இருக்கா?"