மட்டையில் குத்தியிருந்த ஆறு போல்ட்டுகள்

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த மருமகன் றமீஸ், வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பழைய சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் குந்தினார். பிறகு காருக்கு அடியில் பார்த்தார். சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தார். குசினி யன்னலோரம் நின்ற மாமி ஸம்ஸியாவுக்கு அவர் எதைத் தேடுகிறார் என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவளுடைய கை தன்னால் வாயைப் பொத்தியது.

நேற்றுக் காரைதீவுச் சந்தியில் கார் கொதித்து, ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது; கட்டி இழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வோட்டர் பம்ப் போய்விட்டதாம். கராஜில் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். ஆனால் நாளை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, வரிப்பத்தான்சேனையிலிருந்து உம்றாவுக்குப் போகும் ஒரு குடும்பத்தைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கொண்டுபோக றமீஸ் ஒப்புக்கொண்டிருந்தார். கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாலு மாதத்தில் கிடைத்த முதல் தூர ஹயர் ஓட்டம். அதனால் புதுப் பம்பை வாங்கி வந்து, காலையிலேயே வாசலில் பொனெட்டைத் திறந்துவிட்டார். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு றஸாக், "என்ன மாப்பிள, கார அறுத்துக் கந்தூரிச் சோறு குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பழைய பம்பைப் பிடித்திருந்த போல்ட்டுகள் ஆறு. ஒரு காட்போட் மட்டையில் பம்பின் வடிவத்தைக் கீறி, எது எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே றமீஸ் அவற்றைக் குத்தி வைத்திருந்தார். ஸம்ஸியாவின் கண்ணுக்குப் பட்டதோ எண்ணெய் ஊறிய ஒரு குப்பை மட்டையும், அதில் ஊத்தை பிடித்த ஆறு ஆணிகளும்தான். தொழுதுவிட்டு வரும் மனிசன் இதிலா கை வைப்பார் என்று ஆறையும் பிடுங்கி, மண்ணெண்ணெயில் பழைய பிரஷ்ஷால் தேய்த்து மினுக்கி, பால்மா டின்னுக்குள் போட்டு வாசல் படியில் வைத்தாள். மட்டையை அடுப்பில் வைத்தாள். எண்ணெய் ஊறியிருந்ததால் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

"ஜெனூபா! இஞ்ச வா. இதுல கிடந்த மட்டய ஆரு எடுத்த?" என்று றமீஸ் மனைவியைக் கூப்பிட்டார்.

ஜெனூபா டின்னைப் பார்த்தாள். குசினி யன்னலைப் பார்த்தாள். "நான்தான்," என்றாள். "ஊத்தையாக் கிடந்திச்சி. கழுவி வெச்ச."

"கழுவினாயா? எல்லாம் ஒரே நீளமில்ல புள்ள! நீளமானத்த ஆழமில்லாத ஓட்டையில வெச்சு இறுக்கினா உள்ளுக்குள்ள வெடிச்சிரும். இஞ்சினே முடிஞ்சி. மண்டைக்குள்ள என்னதான் வெச்சிரிக்காய் நீ?"

மகள் கல்யாணமாகி வாங்கும் முதல் ஏச்சு அது. ஸம்ஸியா யன்னலை விட்டு முன்கதவு வரை வந்து நின்றாள். மருமகனோடு மாமி முகத்துக்கு முகம் கதைப்பது அந்தத் தெருவில் வழக்கமில்லை. 'உம்மா தின்னச் சொல்றா' என்று ஜெனூபாவின் வாயால்தான் அவருக்குச் சொல் போகும். 'மாமிட்டப் போதுமெண்டு சொல்லு' என்று அதே வாயால்தான் திரும்பி வரும். அவர் முன்கதவால் நுழைந்தால் இவள் பின்கதவால் இறங்குவாள். வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போனதிலிருந்து, தான் இருப்பதே அவருக்குத் தெரியாதபடி இருந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது வெளியே போய் நின்றால், கோபத்தில் நாளைக்கே தன் உம்மா வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவாரோ? போகாவிட்டால், செய்யாத பிழைக்கு மகள் அங்கே குனிந்து நிற்பாள்.

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முன்கதவைத் திறந்தாள்.

"மருமகன்..." டின்னைக் கை காட்டினாள். "அவ இல்ல. நான்தான் கழுவின. மட்டய அடுப்புல வெச்சிட்டன்."

றமீஸ் துள்ளி எழும்பினார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தைத்தான் முதலில் அவசரமாக அவிழ்த்துக் கணுக்கால் வரை விட்டார். கிறீஸ் கை சாரத்தில் அப்படியே பதிந்தது.

"அடுப்புலயா?"

"ஓம். சோறு வெந்திச்சி."

அவருடைய மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. ஸம்ஸியா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மருமகன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா மினுக்கித்தான் வெச்சிரிக்கீங்க மாமி. கம்பனிக்காரன்கூட இப்பிடித் தரல்ல." பிறகு ஜெனூபாவின் பக்கம் திரும்பினார். "நீ என்னத்துக்குப் பொய் சொன்ன?"

"உம்மாவ நீங்க ஏசினா?"

"மாமிய நான் ஏசுவேனா?"

"ஓ, என்ன மட்டும் ஏசலாமாக்கும்."

றமீஸ் டின்னை ஒரு தரம் குலுக்கினார். கொஞ்சம் யோசித்தார். "மாமி, ஆழம் பாக்க ஒரு ஈக்கில் எடுத்துத் தாறீங்களா?"

அவர் மகளிடம் சொல்லவில்லை, தன்னிடமே கேட்டார் என்பது ஸம்ஸியாவுக்கு விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கை உருவும்போதுதான் உறைத்தது. அவசரமாக இழுத்ததில், ஒன்றுக்கு நாலாக வந்தது.

புதுப் பம்பை அதன் இடத்தில் இரண்டு கையாலும் பொருத்திப் பிடித்துக்கொண்டார் றமீஸ். "இந்த ஓட்டையில விடுங்க. முட்டுமட்டும் விடுங்க. ம்... இப்ப நகத்தால கிள்ளுங்க." அவள் விட்டாள், கிள்ளினாள், கிள்ளிய இடத்தில் முறித்தாள். ஆறு ஓட்டைக்கும் ஆறு துண்டு. ஜெனூபா அவற்றை வரிசை மாறாமல் படியில் அடுக்கி, துண்டை விடக் கொஞ்சம் நீளம் குறைந்த போல்ட்டைப் பார்த்துப் பார்த்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு துண்டுகள் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருந்ததால், அந்த இரண்டு ஓட்டைகளையும் திரும்ப அளந்தார்கள். பிறகு கையாலேயே ஒவ்வொன்றாகத் திருகினார் றமீஸ். எதுவும் இடையில் நிற்கவில்லை, எதுவும் ஆடவில்லை.

அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன் பெல்ட்டையும் பூட்டி, தண்ணீரும் ஊற்றியாயிற்று. "மாமி, நீங்க முன்னுக்கு ஏறி இரிங்க. அந்தச் சூடு காட்டுற முள்ளப் பாத்துச் சொல்லுங்க. பாதிக்கு மேல கூடினாச் சத்தம் போடுங்க, நான் உடனே நிப்பாட்டணும்."

சாரதி ஆசனத்தில் ஸம்ஸியா நுனியில் இருந்தாள். எங்கே கால் வைப்பதென்று தெரியாமல் இரண்டு பாதங்களையும் ஒடுக்கிக்கொண்டாள். றமீஸ் யன்னலால் கையை விட்டுச் சாவியைத் திருப்ப, கார் அவளுக்கு அடியில் நடுங்கியது. தூக்கி நின்ற பொனெட் மருமகனை முழுதாக மறைத்தது. கீழ் இடுக்கால் விரல்கள் மட்டும் தெரிந்தன. முள் மெல்ல மெல்ல ஏறியது. அவள் உதடு அசைய ஓதினாள். முள் பாதிக்கு வந்தது. நின்றது.

"எங்க நிக்கி?" என்று அவர் கேட்டார்.

"பாதியில."

"கேக்கல்ல மாமி!"

அவள் யன்னலால் தலையை வெளியே நீட்டினாள். "பாதியில மகன்! பாதியிலதான் நிக்கி!"

தெருவால் போன மீன்காரர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார். தோளில் சரிந்து விழுந்த முக்காட்டை மறந்து, ஸம்ஸியா திரும்பவும் முள்ளுக்குக் குனிந்தாள்.