ஸ்பேனர் பிடித்த சித்தப்பா

எங்கள் சித்தப்பாவுக்கு அருங்காட்சியகத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். அதுவும் தொழிலாளியாக. தெருவில் முதலில் யாரும் நம்பவில்லை. நம்பியவர்கள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

சித்தப்பா எந்த வேலையிலும் ஒரு மாதம் முழுதாக இருந்ததில்லை. முதலாளிகளுக்குத் தன் அருமை தெரியவில்லை என்பார். குழாய் ஒழுகினால் கட்டிலில் படுத்தபடியே, "தண்ணி வீணாப் போகுது, யாராவது பாருங்க" என்று ரொம்பப் பொறுப்பாகக் குரல் கொடுப்பார். அந்த யாராவது எப்போதும் சித்திதான். நூற்பாலையில் அறுந்த இழைகளை முடிந்து முடிந்தே சித்தியின் இளமை போனது. ஆலையை மூடிய பிறகு சலவைக்கடையில் நின்று இஸ்திரி போடுகிறாள்.

அந்த ஆலையைத்தான் நகராட்சி அருங்காட்சியகமாக மாற்றியது. கீழே தொழில், மாடியில் பஞ்சடைத்த விலங்குகள், பின்கட்டில் நகரத்துப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து தேய்த்த நாற்காலிகள். தொழில் கூடத்துக்கு மெழுகுச் சிலை செய்ய வந்த சிற்பி, உழைத்துத் தேய்ந்த முகம் வேண்டும் என்று ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் டீக்கடையில் சித்தப்பாவைக் கண்டுபிடித்தார். நெற்றியில் அத்தனை கோடுகள்! சீட்டாட்டத்தில் எதிராளியின் கையை எட்டிப் பார்த்துப் பார்த்து விழுந்த கோடுகள் அவை. தோள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது பாரம் சுமந்ததால்தான் என்றும் சிற்பி முடிவு கட்டிவிட்டார். வருடக்கணக்கில் ஒரே பக்கமாகப் படுத்தால் யாருக்கும்தான் சாயும். மெழுகுச் சித்தப்பாவின் கையில் ஒரு பெரிய ஸ்பேனரைக் கொடுத்து, கீழே 'உழைப்பின் உருவம்' என்று பலகையும் வைத்துவிட்டார்கள்.

சிலையைப் பார்க்கக் கூட்டம் வந்தது. உடனே காப்பாட்சியருக்கு இன்னொரு யோசனை உதித்தது. அதே ஆள் சீருடையில் சிலைக்குப் பக்கத்தில் நின்றால் மக்கள் படம் எடுத்துக்கொள்வார்களே! நிரந்தர வேலை, வந்து பாருங்கள் என்று ஆள் அனுப்பினார்.

செய்தி வந்த நேரம் அப்படி. சித்தியின் கால்கள் வீங்கி, நரம்பு சுருண்டு கிடந்தன. இனி நின்று வேலை செய்யவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். சித்தப்பா ஒத்துக்கொண்டால் சித்தி உட்காரலாம். இல்லையென்றால் மறுபடி இஸ்திரிப் பெட்டிதான்.

"சும்மா நிக்கறதுதானேடி? அதக்கூடவா செய்ய மாட்டாரு?" என்று என்னிடம் கேட்டாள். அவள் குரலில் அத்தனை ஆசை.

மூவரும் கிளம்பிப் போனோம். காப்பாட்சியர் வருவதற்குள் மாடியைப் பார்த்துவிடலாம் என்றார் சித்தப்பா. வேலையைத் தள்ளிப்போட அவருக்கு ஒரு கரடி போதும். குளிர்காலம் முழுக்க அது தூங்கும் என்று பலகையில் எழுதியிருந்தது. மிகுந்த மரியாதையோடு அதைப் படித்தார். ஒருவழியாகக் கீழே இழுத்து வந்தோம்.

சித்தி நின்று நூற்ற கூடத்தில் சித்தப்பா மெழுகாக நின்றுகொண்டிருந்தார். ஒரு டீச்சர் தன் பிள்ளைகளிடம், "அந்தக் கையப் பாருங்க, எவ்வளவு உழைச்சிருக்கு!" என்று உருகிக்கொண்டிருந்தார். சித்தப்பா கூச்சத்தோடு தலையாட்டி அதை ஏற்றுக்கொண்டார்.

காப்பாட்சியர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, உங்களப் பார்க்கவே பெருமையா இருக்கு. நாளைக்கே வந்துடுறீங்களா?"

"என்ன வேலைன்னு சொல்லுங்க."

"வேலையே இல்லீங்க. பக்கத்துல நிக்கணும், அவ்வளவுதான். காலைல திறந்ததுலருந்து சாயங்காலம் மூடற வரைக்கும்."

"நின்னுக்கிட்டேவா?"

"உழைப்பாளி உக்காந்திருந்தா பார்க்க நல்லா இருக்காதுங்களே."

சித்தப்பா சிலையை மேலும் கீழும் பார்த்தார். "அதான் என்னை மாதிரியே ஒண்ணு நிக்குதே. அப்புறம் நான் வேற எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, காவலாளியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

சித்தி அவர் பக்கத்தில் குனிந்தாள். "என்னங்க, கொஞ்ச நாள் போய்த்தான் பாருங்களேன். என் காலு..."

"உனக்குக் கால் வலின்னா என்னையும் நிக்க வைக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஸ்பேனரைப் பிடுங்கி இரண்டு போடலாம் என்றால், அதுவும் மெழுகு.

சித்தி நிமிர்ந்து காப்பாட்சியரிடம் திரும்பினாள். "அப்ப நான் நிக்கறேன் சார். நான் இதே ஹால்ல நின்னு நூத்தவதான்."

காப்பாட்சியர் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பார்த்த உடனே தொழிலாளின்னு தெரியணும். ஐயா முகத்துல இருக்கற அந்தக் களை உங்ககிட்ட இல்ல." சித்தி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது போல. "ஒண்ணு பண்ணலாம். மெழுகுல தூசி சீக்கிரமா ஒட்டிக்குது. தினமும் துடைக்க ஒரு ஆள் தேவைப்படுது" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் சித்தி சரி என்றுவிட்டாள். இஸ்திரிச் சூடு இல்லையாம், அதுவே பெரிய நிம்மதியாம். நான் வாயைத் திறந்தேன். என் கையை அழுத்தி அடக்கிவிட்டாள். சித்தப்பா நாற்காலியிலிருந்தே, "நல்ல இடம், விட்டுடாத" என்று புத்தி சொன்னார்.

போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். சித்தி ஸ்டூல் மேல் ஏறி நின்று மெழுகுச் சித்தப்பாவின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கால் வீக்கம் அப்படியேதான் இருந்தது.

"எப்படி சித்தி இருக்கு?"

"வீட்டுல இருக்கறவரு ஓயாம காபி கேப்பாரு. இவரு ஒண்ணும் கேக்கறதில்ல. இவரே தேவலை" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது ஒரு குடும்பம் வந்து சிலையைச் சுற்றி நின்றது. அப்பாக்காரர் போனை உயர்த்தினார், இறக்கினார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? தொழிலாளிய மறைக்கறீங்க."

சித்தி மெல்ல இறங்கி, துணியோடு ஓரமாகப் போய் நின்றாள்.