கதவுக்கடியில் பன்னிரண்டு கேள்விகள்

மூன்றாம் பயிற்சி திரும்பி வந்திருந்தது. சிவப்பு மையில் குறிப்பு: "இது பேட்டி அல்ல, படிவம். மறுபடி எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள்."

அவள் சேர்ந்திருந்த படிப்பு ஃப்ரீலான்ஸ் ஜர்னலிசம், அஞ்சல் வழி, பத்து மாதம். ஒரே பயிற்சியில் இரண்டு முறை தவறினால் பெயரை நீக்கிவிடுவார்கள். கையேட்டின் முதல் பக்கத்திலேயே அது இருந்தது.

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அவளுக்குப் பதினேழு வருடம். எந்தப் பக்கம் வலி, எத்தனை நாளாக என்று கேட்டு எழுதுவது வேலை. வேறு கேள்விகள் கேட்க வேண்டும் என்று தோன்றியதால்தான் படிப்பில் சேர்ந்தாள்.

அறிமுகமில்லாத ஒருவரிடம் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டும். அதுதான் பயிற்சி. ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவள் வீட்டிலிருக்கும் நாளெல்லாம் மதியம் மூன்று மணிக்கு மேல்வீட்டுத் தரையில் ஏதோ உருளும். சுவரிலிருந்து சுவருக்குப் போகும், நிற்கும், மறுபடி உருளும். இரண்டு வருடமாக அது என்னவென்று அவளுக்குத் தெரியாது.

பாடங்கள் தபாலில் வந்தன. பதில்கள் தபாலில் போயின. அதே பழக்கத்தில் பன்னிரண்டு கேள்விகளைத் தட்டச்சு செய்து, பதிலுக்குக் கோடு போட்டு, மேல்வீட்டுக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வந்தாள். மறுநாள் தாள் அவள் கதவுக்கடியில் கிடந்தது. தொழில்: சக்கரப் பரிசோதனை. அனுபவம்: பன்னிரண்டு ஆண்டுகள். சுவாரசியமான சம்பவம்: இல்லை.

அதைத்தான் அனுப்பியிருந்தாள்.

கணவன் சிவப்பு மையைப் படித்தான். "மாடி வீட்டுக்கே தபாலா? அப்படியே தபால்லயே நீச்சலும் கத்துக்கோ. முங்கினதும் ஒரு லெட்டர் போடு" என்றான்.

புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து மாடி ஏறினாள். மூன்று முறை மணி அடித்தாள். பிறகு கதவைத் தட்டினாள். கை வலித்த பிறகுதான் திறந்தது. ஐம்பதைத் தாண்டியவர், பனியனோடு நின்றார். அவள் யாரென்று சொன்னதும், பன்னிரண்டும் எழுதித் தந்தாயிற்றே, பதிமூன்றாவது இருக்கிறதா என்று கேட்டார்.

அறையில் சாமான்களெல்லாம் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. நடுவில் வெறும் தரை. அட்டைப்பெட்டி நிறைய முஷ்டி அளவுச் சக்கரங்கள். மருத்துவமனைத் தள்ளுவண்டிக்கானவை. முனகும் சக்கரம் போகக்கூடாது, அவ்வளவுதான் விதி என்றார். தொழிற்சாலை ஒரு நாளைக்கு நாற்பது அனுப்புகிறது. ஒவ்வொன்றையும் எடை கட்டிய பலகையில் பொருத்தி உருட்டுவார். நல்லது ஒரு பெட்டிக்கு, கெட்டது இன்னொன்றுக்கு.

உருளும்போது இடது உள்ளங்கையைத் தரையில் பதித்திருந்தார். தானும் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். வைத்தாள். ஐந்து சக்கரங்கள் தண்ணீர் போலப் போயின. ஆறாவது, சுற்றுக்கு ஒரு முறை மணல் குத்துவதுபோல் குத்தியது. இதுதான் என்றாள். அவர் அதை எடுத்துக் கெட்ட பெட்டியில் போட்டார்.

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் கேட்ட எதற்கும் பதில் வரவில்லை. முன்னால் வந்து கேட்டால் வந்தது. அவர் அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் கேட்டுவிட்டாள்.

முன்பு தகடு வெட்டும் பட்டறையில் இருந்தாராம். ஒரு காது அங்கேயே போயிற்று. மற்றது இப்போது போய்க்கொண்டிருக்கிறது.

"காதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க, கைக்கு இல்ல. இத மட்டும் எழுதிடாதீங்கம்மா."

எழுதமாட்டேன் என்று சொல்லிப் பேனாவை மூடினாள்.

தபாலுக்கு நாள் போதாது என்று வியாழன் காலை கட்டுரையை மின்னஞ்சலில் அனுப்பினாள். காதைப் பற்றி ஒரு சொல் இல்லை. உள்ளங்கையைப் பற்றிப் பதினோரு வரி. இதுவரை அவள் எழுதியதில் அதுதான் நன்றாக வந்திருந்தது.

பதினொன்றரைக்கு மருத்துவமனையில் அவள் கைபேசி ஒலித்தது. சிவப்பு மைக்காரர். எட்டு மாதமாக மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவரை நினைத்துவைத்திருந்தாள். பேசியது ஒரு பெண். அவள் தங்கையின் வயதிருக்கலாம்.

"நல்லா வந்திருக்குங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவருக்குக் காது கேக்காதா?"

"நான் அப்படி எழுதலையே."

"கைய எழுதியிருக்கீங்க. மணி அடிச்சும் திறக்கலன்னு எழுதியிருக்கீங்க. கட்டுரை முழுக்க அவர் எதையுமே காதால கேக்கல."

கொடுத்த வாக்கைச் சொன்னாள்.  தேறிய கட்டுரைகள் பயிற்சி நிலையத்தின் மாத இதழில் அச்சாகும், எந்தத் தொழிற்சாலையில் யார் படிப்பார்கள் என்று சொல்ல முடியாது என்றார் ஆசிரியை. அப்படியே விட்டால் தேர்ச்சி. அந்த வரிகளை எடுப்பதும் விடுவதும் அவள் இஷ்டம்.

"எடுத்துட்டா என்னங்க மிஞ்சும்?"

"பழைய படிவம்தான். நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

வரிசையில் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதி உள்ளே அனுப்பினாள். பிறகு கட்டுரையைத் திறந்து பதினோரு வரியையும் அழித்தாள். மணியையும் கதவையும் அழித்தாள். மீதியைப் படித்தாள். ஆசிரியை சொன்னது சரிதான்.

அன்றும் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தாள். மூன்று மணிக்கு மாடிக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே போய் அவர் கண்ணில் படும்படி எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்தச் சக்கரமெல்லாம் கடைசியில எங்க போகுது?"

ஆஸ்பத்திரிக்கு என்றார். எந்த ஆஸ்பத்திரி என்றாள். தெரியவில்லை. வண்டியில் மாட்டிய பிறகு ஒன்றையாவது பார்த்ததுண்டா என்று கேட்டாள். கையிலிருந்த சக்கரத்தை அவர் விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பெட்டியில போடறதோட என் வேலை முடிஞ்சுது. பாக்கணும்னு தோணினதே இல்ல."

"இப்ப?"

அவர் எழுந்து சட்டையைத் தேடினார். பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள், பேருந்தில் இருபது நிமிடம் என்றாள். இன்னும் முப்பது சக்கரம் பாக்கி, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் கதவைப் பூட்டினார்.

படிக்கட்டில் அவர் முன்னால் இறங்கினார். அவளுக்கு அடுத்த கேள்வி வந்துவிட்டது. பின்னாலிருந்து கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். சுவரோரமாக அவரை முந்தி இரண்டு படி கீழே இறங்கி, திரும்பி நின்று கேட்டாள்.