பேச்சு வராத சம்மந்தி

பாஞ்சாலையின் குரலைத் தெரியாதவர்கள் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கிடையாது. மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே கீழே தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் நிற்கும் ஆளோடு சண்டை போடுவாள். புருஷன் கருப்பையா செத்துப்போன பிறகு, அந்தக் குரலால்தான் அதட்டியும் கெஞ்சியும் ஒற்றை மகள் ஜெயாவைப் படிக்கவைத்து டீச்சராக்கினாள்.

டீச்சர் பயிற்சிக்குப் போய்த் திரும்பிய ஜெயாவோ, அம்மா வாயைத் திறந்தாலே உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். பயிற்சிக்குப் போன இடத்தில் ஒருமுறை வாய் தவறி, தோட்டத்துப் பேச்சில் ‘அங்கிட்டு’ என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்கு அதுவே பெயராகிப் போனது.

எழுபத்தாறாம் வருடம் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை விஜயன், ஜெயா வேலை பார்த்த பள்ளியிலேயே வாத்தியார். அவன் அப்பா ஒரு காலத்தில் எஸ்டேட்டில் கணக்கெழுதிய கிராணி. அம்மா இராசம்மா பேசினால் வார்த்தைகள் இஸ்திரி போட்டது மாதிரி வந்து விழும்.

“அவங்க போற வரைக்கும் நீ பேசாம இரும்மா. ஒரே ஒரு நாள்தான்.”

“ஏன்டி, நான் என்ன கெட்ட வார்த்தையா பேசப்போறேன்?”

“அதில்லம்மா…” ஜெயாவின் கண் கலங்கியது. பாஞ்சாலை முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.

வந்தவர்களுக்குக் கோப்பி கொடுத்தாள். சிரித்தாள். எது கேட்டாலும் தலையாட்டினாள். இராசம்மா விடாமல் பேச்சுக் கொடுக்கவும், பாஞ்சாலையின் நாத்தனார் தங்கம்மா பதறிப்போய், “அண்ணிக்குப் பேச்சு வராதுங்க. காய்ச்சல்ல போயிருச்சு” என்று போட்டுவிட்டாள்.

பாஞ்சாலை மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

“அடடா! இவ்வளவு லட்சணமான மனுஷிக்கு இப்படியா?” இராசம்மா எழுந்து வந்து பாஞ்சாலையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று லயத்து ஆட்களின் வாயைத் தங்கம்மா கண்ணாலேயே அடைத்துவைத்தாள். விஜயனிடம் மட்டும் ஜெயா உண்மையைச் சொன்னாள். ஆனால் தன் அம்மாவிடம் அதைச் சொல்ல அவனுக்கும் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாஞ்சாலை பஸ் ஏறி மகள் வீட்டுக்குப் போவாள். வாசலில் செருப்போடு நாக்கையும் கழற்றி வைத்துவிட வேண்டும். இராசம்மா அவளுக்காகவே காத்திருந்தவள் போல பூந்தோட்டத்துக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வாள். தன் புருஷன் வீட்டில் தன்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றாள். விஜயனுக்கு முன்னால் பிறந்த பெண் குழந்தை மடியிலேயே செத்துப்போனதைச் சொல்லி அழுதாள். பாஞ்சாலை அவள் முதுகைத் தடவிக்கொடுப்பாள்.

“உங்ககிட்ட உட்கார்ந்தாத்தான் எனக்கு நிம்மதி, சம்மந்தி.”

தோட்டத்து ஆட்கள் ரோட்டில் சளசளவென்று பேசிக்கொண்டு போனால் இராசம்மாவின் மூக்கு சுருங்கும். “இந்த எஸ்டேட் பேச்சு இருக்கே, அடிக்க வர்ற மாதிரியே இருக்கும். நீங்க அந்த ரகமே இல்ல.”

பாஞ்சாலை குனிந்து செடியில் பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருப்பாள். சுருக்கென்றுதான் இருக்கும். ஆனாலும் அடுத்த ஞாயிறு போவாள். மகளுக்காகத் தொடங்கியது, போகப் போக இராசம்மாவுக்காகவும் ஆகிவிட்டது.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒரு நாள் காலை மழை விட்டிருந்தது. இருவரும் வீட்டு முன்னால் ரோட்டோரத்தில் செவ்வந்திப் பூக்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இராசம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு பார்க்காமல் பின்பக்கமாக ரோட்டில் இறங்கினாள். கோலா தெர்லா பக்கமிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி, ஈரத்தில் வழுக்கிக்கொண்டு வளைவில் திரும்பியது.

“ஏ ஆத்தா! லோரி வருது! அங்கிட்டு ஓடு, அங்கிட்டு!”

இராசம்மா ஓரத்தில் பாய்ந்து விழுந்தாள். லோரி கூடையை நசுக்கிக்கொண்டு போய்த் தள்ளி நின்றது. பாஞ்சாலை ஓடிவந்து அவளைத் தூக்கி நிறுத்தினாள். இராசம்மா அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். ரோட்டில் வேறு யாரும் இல்லை.

“யாரு… யாரு கத்தினது?”

“நாந்தேன், சம்மந்தி.”

“உங்களுக்குப் பேச வருமா?”

“வரும்ங்க. புள்ள கல்யாணம் நின்னுரக்கூடாதுன்னு வாய மூடிக்கிட்டேன். தப்புதேன். ஆனா நீங்க அழுவுறப்பல்லாம் எனக்கு வவுறு எரியும்லா. ஆறுதலா ஒரு வார்த்த சொல்ல முடியலியேன்னு லயத்துக்குப் போயி அழுவேன். அந்தப் பச்சப் புள்ளய நெனச்சி…”

அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் கொட்டியது. அவள் பேசப் பேச, இராசம்மாவின் பிடி தளர்ந்தது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். மூக்கு சுருங்கியது. பாஞ்சாலை பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

“உயிரைக் காப்பாத்தினீங்க. ரொம்ப நன்றி,” என்றாள் இராசம்மா, வழியில் போகிற யாரிடமோ சொல்வது போல. சேலையில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டு உள்ளே போனவள், பாஞ்சாலை கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

சில நாள் கழித்து ஜெயா தனியாக லயத்துக்கு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அத்தை ஒண்ணும் திட்டலம்மா. ஆனா அவங்க சொன்ன கதையெல்லாம் நீ லயம் பூரா சொல்லியிருப்பேன்னு நினைக்கிறாங்க.”

“நான் யார்கிட்டடி சொன்னேன்? உன்கிட்டயாச்சும் சொல்லியிருப்பேனா?”

“எனக்குத் தெரியும்மா. அவங்கதான், எஸ்டேட் ஆளுங்க வாயில எதுவும் நிக்காதுங்கிறாங்க. கொஞ்ச நாளைக்கு நீ அங்க வர வேணாம்.”

பாஞ்சாலை அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகை உள்ளே தள்ளினாள். சத்தம் வராமல் பேச முயல்பவள் போல, மிகவும் தணிந்த குரலில் கேட்டாள்.

“நான் வேணும்னா பழையபடி பேசாமயே இருந்துக்கிறேன்டி. அவங்ககிட்ட சொல்லிப் பாரேன்.”

ஜெயா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். “அவங்கதான் உன் குரலக் கேட்டுட்டாங்களேம்மா.”

அதன் பிறகு பாஞ்சாலை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஜெயாதான் எப்போதாவது வந்து போனாள். இராசம்மா யாரோடும் அதிகம் பேசுவதில்லை என்றும், பூந்தோட்டத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்றும் ஒருமுறை சொன்னாள். பாஞ்சாலை கேட்டுக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு, தண்ணீர்க் குழாயடியில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தபோது கம்போங் ராஜா பஸ் வந்து நின்றது. டிரைவர் இராமையா தலையை வெளியே நீட்டினான்.

“என்னக்கா, சம்மந்தி வீட்டுப் பக்கமே காணோம்?”

“அவங்க ஊர்ல இல்லலா,” என்றாள் பாஞ்சாலை. பஸ் போனதும் அடுத்த துணியை எடுத்துப் பிழியத் தொடங்கினாள்.