நானூறாவது படி

அக்ஷதாவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது என்பது அக்ரஹாரத்துக் காய்கறிக்காரருக்குக்கூடத் தெரியும். இருபத்து நாலு வயசுக்குள் மூன்று வேலையை விட்டாகிவிட்டது. வீணை கற்றுக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தது ஆறே மாசம். இப்போது கம்போடியா! அங்கே ஏதோ ஒரு கிராமத்தில் நாலைந்து வயசுக் குழந்தைகளுக்குச் சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறாளாம். ஒரு தொண்டு அமைப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் பத்து நாளாகப் போனும் கையுமாகத் திரிந்தாள். சாப்பிடும்போது பார்க்கிறாள், பல் தேய்க்கும்போது பார்க்கிறாள். "ஓட்டை விழுந்துடப் போறதுடி அந்தப் போன்ல" என்றார் அப்பா ஜகதீசன்.

அம்மா சீதாலக்ஷ்மி மட்டும் வாயைத் திறக்கவில்லை. இருபது வருஷமாக எல்கேஜி டீச்சர். எப்போது பேசக் கூடாது என்பது தெரிந்தவள். சனிக்கிழமை விடிந்ததும் மஞ்சள் டப்பாவையும் குங்கும டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கேம்மா?"

"சாமுண்டி மலைக்கு. படிக்கெல்லாம் குங்குமம் வைக்கறதா வேண்டிண்டிருக்கேன்."

"எனக்காகவா?"

"பின்னே யாருக்கு?"

அக்ஷதா உருகிப்போனாள். காரியம் ஆகவேண்டுமென்று மைசூர்ப் பெண்கள் ஆயிரம் படிக்கும் குனிந்து குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே மலையேறுவதை அவள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். முட்டிவலிக்கார அம்மா தனக்காக அதைச் செய்வாள் என்று கனவிலும் நினைத்ததில்லை. "நானும் வரேன். மஞ்சள் நீ வை, குங்குமம் நான் வைக்கறேன்" என்று ஒட்டிக்கொண்டாள். அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

நூறு படி வரை உற்சாகம். இருநூறில் இடுப்பு கழன்றது. நடுநடுவே ரெண்டு படியை விட்டுவிட்டால்தான் என்ன, அம்மனுக்கா தெரியப்போகிறது என்றுகூடத் தோன்றியது. அம்மாவோ ஒரு படியைக்கூட விடவில்லை. மூச்சு இரைக்கிறது, வியர்வை கொட்டுகிறது, குனிகிறாள், நிமிர்கிறாள். "கொஞ்சம் உக்காரேம்மா" என்றால், "சும்னே, பேசாம ஏறு" என்று அதட்டல் வேறு.

நானூறாவது படியில் மின்னஞ்சல் வந்தது.

"அம்மா! கிடைச்சுடுத்தும்மா!" அக்ஷதா குதித்த குதியில் பக்கத்துச் சுவரிலிருந்த குரங்கு எழுந்து ஓடிற்று. "உன் அம்மன் பாதி மலைக்கே கொடுத்துட்டா பாரு!"

சீதாலக்ஷ்மி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். டப்பாவை மூடினாள்.

"அப்போ மீதிப் படிக்கு வேலை இல்லை. வா, இறங்கலாம்."

"என்னம்மா சொல்றே?"

"கிடைக்கக் கூடாதுன்னுதான்டி வேண்டிண்டேன்."

அக்ஷதாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஓடியது. காலையிலிருந்து தனக்கே வேட்டு வைக்க நானூறு படிக்குக் குங்குமம் வைத்திருக்கிறாள், அதுவும் வலிய வந்து! கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பெத்த பொண்ணு நன்னாயிருக்கக் கூடாதுன்னு எந்த அம்மாவாவது வேண்டிப்பாளா? பயமா இருந்தா பயம்னு சொல்லேன்!"

"உன்னைப் பத்தி எனக்கென்ன பயம்? நீ எங்கே போனாலும் பிழைச்சுப்பே. அந்தக் குழந்தைகளை நினைச்சேன். போன வருஷம் எங்க ஸ்கூல்ல என்ன பண்ணினே? ஜூன்ல சேர்ந்தே, போர் அடிக்கறதுன்னு நவம்பர்ல விட்டே. உன் கிளாஸை யார் பார்த்துண்டது? நான். மீனான்னு ஒண்ணு இருந்ததே, ஞாபகமாவது இருக்கா? ஒரு மாசம் உள்ளேயே வரலை. வாசல்லயே நின்னுது. 'மிஸ் பந்த்ரா, மிஸ் பந்த்ரா'ன்னு தினம் கேட்டுது, மிஸ் வந்தாச்சான்னு. இன்னிக்கு வருவா, நாளைக்கு வருவான்னு நான் பொய் சொன்னேன்டி. அந்தப் பாவத்தை இப்போ கம்போடியாக்காரி எவளாவது சுமக்கணுமா?"

மீனாவை அக்ஷதாவுக்கு ஞாபகம் இருந்தது. ஷூ லேஸைக் கட்டிவிடச் சொல்லித் தினமும் காலை நீட்டுகிற குழந்தை. விட்டு வந்த பிறகு ஒருநாள்கூட அவளை நினைத்ததில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, அம்மா முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

குனிந்து மின்னஞ்சலைத் திரும்பப் படித்தாள். கீழே ஒரு கேள்வி இருந்தது: மூன்று மாதமா, பள்ளி ஆண்டு முழுவதுமா? மூன்று மாதம் என்றுதான் அவள் முடிவு பண்ணி, வீட்டிலும் சொல்லி வைத்திருந்தாள். மூன்று மாதம் பாட்டு, விளையாட்டு, நிறைய போட்டோ, அப்புறம் வேறெங்காவது. மூன்று மாதத்தில் ஒரு குழந்தை என்ன செய்யும்? ஆரம்பத்தில் அழும், பிறகு பழகும், பிறகு காலை நீட்டும். அப்போது இவள் விமானத்தில் இருப்பாள்.

முழு ஆண்டை அழுத்தினாள். யோசித்தால் மனசு மாறிவிடும் என்று உடனே அனுப்பியும் விட்டாள்.

"என்னடி பண்றே?"

"நீ சொன்னது சரிதாம்மா. பாதியில விட்டுட்டு வரக் கூடாது. ஒரு வருஷம் இருக்கேன்னு எழுதிட்டேன்."

"அடிப்பாவி!" சீதாலக்ஷ்மி தலையில் கைவைத்துக்கொண்டாள். "மூணு மாசமே வேண்டாம்னு நான் முட்டியை உடைச்சுண்டு ஏறறேன், நீ ஒரு வருஷம்ங்கறே!"

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று அழுதாள். மேலே ஏறிக்கொண்டிருந்த ரெண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"குழந்தைகளுக்காகன்னு சொன்னது பொய் இல்லைடி. ஆனா அதுக்காக மட்டும் இத்தனை படி குனிவேனா நான்? நீ இல்லாம என்னால இருக்க முடியாது. அதைச் சொல்லக் கூச்சமா இருந்தது."

அக்ஷதா அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். அன்று மாலை ஐந்து மணி வரை விருப்பத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று திரையில் இருந்தது. அம்மாவிடம் காட்டினாள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக ரெண்டு தரம் படித்தாள்.

மாற்றச் சொல்லி அவள் கேட்கவில்லை.